முதலில் அடித்த காசு

திலக் நகர்
9 பிப்ரவரி 2025

அத்தானுக்கு,

விஜயராணி எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட நினைத்திருப்பீர்கள். இதுவரை படித்துவிட்டீர்கள் என்றால் இன்னும் ஒரு பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள். இருபது மாதமாக உங்கள் எண்ணுக்கும் அக்காவின் எண்ணுக்கும் என் அழைப்பு போவதில்லை. அதனால்தான் தபால்.

போன வாரம் வேல்ராஜ் வந்திருந்தான். இப்போது நம் ஊர்ச் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். சங்கப் பொன்விழாவுக்கு அடித்த காசில் மூன்றைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தான். வெள்ளி விலை ஏறியிருக்கிறதே என்று மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து அவற்றை ஜவேரி பஜாரில் ஒரு நகைக்கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். போலிதானே, கிடைத்தது கிடைக்கட்டும் என்று போனவர்கள். கடைக்காரர் மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, மூன்றும் சுத்த வெள்ளி, இன்றைய விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றாராம். பயந்துபோய் விற்காமல் திரும்பிவிட்டார்கள்.

“யக்கா, மிஷினு பொய் சொல்லுதா, நீங்க பொய் சொன்னியளா?” என்று கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

மெஷின் மேற்பரப்பை மட்டும்தான் பார்க்கும், உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லாது என்றேன். கல்லூரித் தராசை வீட்டுக்கு எடுத்து வந்து மூன்றையும் நூலில் கட்டி, தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்தேன். வெள்ளியாக இருந்தால், அதே கன அளவுத் தண்ணீரைப்போல் ஏறத்தாழ பத்தரை மடங்கு கனக்க வேண்டும். மூன்றும் கனத்தன. 2023 ஜூனில் நான் சோதித்த என் காசு எட்டே முக்கால் மடங்குதான். அமிலம் பட்டதும் பச்சையாக நுரைத்தது. அதில் வெள்ளி துளியும் இல்லை. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

பிறகு என் காசை அந்த மூன்றின் பக்கத்தில் வைத்தேன். என்னுடையது அரை மில்லிமீட்டர் தடிமனாக இருந்தது. எடை எல்லாவற்றுக்கும் இருபது கிராம். லேசான உலோகம் என்பதால் அதே எடைக்குத் தடிமன் கூடிவிட்டது. இதைப் பார்க்க அமிலம் வேண்டாம், தராசும் வேண்டாம். இரண்டு காசை அருகருகே வைத்தால் போதும். அன்றைக்கு நான் அதைச் செய்யவில்லை.

எனக்கு வந்த காசு மட்டும் எப்படி மாறியது? பட்டறையிலா, சங்க அலுவலகத்திலா? உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்.

விஜயராணி


சான்பாடா
17 பிப்ரவரி 2025

விஜயராணிக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். காகிதத்தைக் கிழித்துப் பழக்கமில்லை.

பத்தரை எழுதியிருக்கிறாய், எட்டே முக்கால் எழுதியிருக்கிறாய். தப்பு நடந்துவிட்டது என்று எங்காவது எழுதியிருக்கிறாயா என்று இரண்டு தடவை படித்தேன். இல்லை. கடைசியில் ஒரு விசாரணை இருக்கிறது. மாற்றியது யார் என்று கேட்கிறாய். பொருளாளராக இருந்தவன் நான். காசை வாங்கி வந்தவனும் நான். அப்போ யாரைக் கேட்கிறாய்?

உனக்கு எண்கள் நினைவிருக்கும். எனக்கு அந்தச் சங்க ஹால் நினைவிருக்கிறது. காசு கறுத்துப்போச்சு என்று நாலு பேர் முணுமுணுத்தபோது நான் சோதித்துச் சொல்கிறேன் என்று நீதான் எழுந்தாய். எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோச்சு. நம்ம வீட்டுப் பிள்ளை, எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, இனி எவன் வாயைத் திறப்பான் என்று பதினைந்து நாள் கழித்து முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தேன். நீ மைக்கைப் பிடித்து, சோதித்த காசில் வெள்ளியே இல்லை என்றாய். இது அரசாங்கம் அடித்த நாணயம் இல்லை, தனியார் பட்டறையில் அடித்த வட்டம், இதன்மேல் ‘சுத்த வெள்ளி 999’ என்று யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம் என்றாய். “எங்க காசு எடை சரியா இருக்கே டீச்சர்” என்று யாரோ கேட்டதற்கு, “ஏமாத்துறவங்க எடையில கோட்டை விடமாட்டாங்க” என்றாய்.

உன் அக்கா எழுந்தாள். தன் காசைத் தரையில் போட்டாள். கணீரென்று எவ்வளவு நேரம் கேட்டது. “கேளு விஜி. நல்லாக் கேளு” என்றாள்.

“சத்தமெல்லாம் சாட்சி ஆவாதுக்கா” என்றாய். ஹால் சிரித்தது.

முந்தின நாள் சாயங்காலம் நீ எங்கள் வீட்டில் தோசை சாப்பிட்டாய். அப்போதே உனக்கு முடிவு தெரியும். மூன்றாவது தோசைக்கு மீனாட்சி கட்டாயப்படுத்தினாள், வாங்கிக்கொண்டாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன வருஷம் வாஷியில் எங்கள் பெண் ஷாலினிக்குக் கல்யாணம். உன்னைக் கூப்பிடவில்லை. சங்கத்தைக் கூப்பிட்டோம், எவரும் வரவில்லை. பெண்ணை அனுப்பும்போது சீர்த்தட்டில் வைக்கத்தானே வீட்டுக்கு ஒன்று என்று இந்தக் காசை அடித்தோம். மீனாட்சியும் வைத்தாள். மாப்பிள்ளையின் அத்தைக்காரி தட்டைப் பார்த்துவிட்டு, “இது அந்தக் காசுல்லா? வேண்டாம், எடுத்திருங்க” என்றாள். மீனாட்சி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். 

இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது.

பிரம்மநாயகம்


திலக் நகர்
9 மார்ச் 2025

அத்தானுக்கு,

மன்னிப்பை எழுதாமல் விட்டது மறதியால் இல்லை. எதற்கு என்று சரியாகத் தெரியாமல் கேட்டால் அது வெறும் மரியாதைப் பேச்சாகிவிடும் என்று நினைத்தேன். தெரிந்துகொள்ளத்தான் நேற்று தாராவிக்குப் போனேன்.

காசு அடித்துக் கொடுத்த ஷாகுல் ஹமீது பாயின் பட்டறை அதே சந்தில்தான் இருக்கிறது. இப்போது பள்ளிக்கூட மெடல்கள் அடிக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“வாங்க டீச்சரம்மா. ஆசிட் கொண்டாந்திருக்கியளா?” என்றார்.

என் காசை மேசைமேல் வைத்தேன். விளக்கின் பக்கம்கூடத் திருப்பவில்லை. கட்டைவிரலால் விளிம்பை ஒரு சுற்றுத் தடவினார்.

“இது செட்டிங் பீஸுல்லா?”

“அப்படின்னா?”

“அச்சு மாட்டுன உடனே யாராவது வெள்ளியில அடிப்பாங்களா? அச்சு சரியா இறங்குதா, அம்மன் மூக்கு முழுசா விழுதான்னு பாக்க மொதல்ல ரெண்டு மூணு ஜெர்மன் சில்வர்ல அடிப்போம். எடை மட்டும் ஆர்டர்ல உள்ளபடியே வெட்டிக்கிடுதது. பேருலதான் சில்வர், அதுல வெள்ளி ஏது? பெறகு உருக்கிருவோம். வெளிய குடுக்கிறதில்ல. உங்க கைக்கு எப்படி வந்துச்சு?”

தெரியாது என்றேன். இதை அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“சொல்லாமலா? உங்க சங்கத்துலேருந்து பத்துப் பேரு வந்து நின்னு சத்தம் போட்டாங்க. எல்லாக் காசையும் கொண்டாங்க, எம் முன்னால ஒவ்வொண்ணா உரசிப் பாருங்கன்னேன். எதுக்குங்க, படிச்ச அம்மாவே சொல்லிட்டாவன்னாங்க. அதோட நம்ம ஊர் ஆளுங்க ஒரு ஆர்டர் தரல.”

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்தார். உள்ளே ஒரு பொன்விழாக் காசு இருந்தது. கறுத்துப்போயிருந்தது.

“டெலிவரி ஆன மறுநாள் பாக்கேன், செட்டிங் பீஸு ஒண்ணு குறையுது, வெள்ளி ஒண்ணு கூடுது. அண்ணாச்சி எண்ணிக்கையில தவறவே மாட்டாரே, திரும்பி வருவாருன்னு வச்சிருந்தேன். வரல. அந்தக் கலாட்டாவுக்கு அப்புறம் போன் போட்டேன். எடுக்கல.”

நோன்பு காலம். அவர் எதுவும் குடிக்கவில்லை, எனக்கு மட்டும் டீ வரவழைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை மெஷினை ஓட்டவில்லை.

அந்தக் காசை என்னிடமே கொடுத்துவிட்டார். அவர் சொன்னதை நம்பினேன். நம்பியும், வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் போட்டு நிறுத்தேன். வெள்ளிதான். என் குணம் உங்களுக்குத் தெரியும்.

ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. வெள்ளி கறுக்கும். மும்பைக் காற்றில் கட்டாயம் கறுக்கும். எல்லோருடைய காசும் கறுத்தது, என்னுடையது பளபளவென்றே இருந்தது. அதைப் பார்த்து முதலில் சந்தேகப்பட்டிருக்க வேண்டியவள் நான்தான். இருபத்திரண்டு வருஷமாக வேதியியல் நடத்துகிறேன்.

இனி ஒன்றுதான் தெரியவில்லை. அந்தச் செட்டிங் பீஸை பட்டறையிலிருந்து எடுத்தது யார்? இதை விசாரணையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விஜி


சான்பாடா
16 மார்ச் 2025

விஜி,

எடுத்தது நான்தான்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். உடம்புக்கு என்ன என்று மீனாட்சி கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. காசு தயார் என்று பாய் சொல்லியிருந்தார். நான் போனபோது அவர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். பெரிய தட்டில் காசுகள் அடுக்கியிருந்தன. தனியாக ஒரு பச்சைத் துணிமேல் மூன்று இருந்தன. என்ன பளபளப்பு. பட்டறையில் இருந்த ஆளிடம், இதில் முதலில் அடித்தது எது என்று கேட்டேன். பீகார் ஆள். “யே வாலா”, இதுதான் என்று துணிமேல் இருந்ததில் ஒன்றைக் காட்டினான். தனியாக வைத்திருக்கிறார்களே, அதனால் சிறப்பு என்று நினைத்துக்கொண்டேன். எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். பாய் வந்ததும் தட்டிலிருந்து எண்ணி எடுத்து, மிஞ்சிய ஒன்றைக் கூடுதலாக அடித்தது என்று விட்டுவிட்டேன். பையில் ஒன்று, தட்டிலிருந்து இருநூற்றுப் பதினொன்று, ஆக இருநூற்றுப் பன்னிரண்டு என்று கையெழுத்துப் போட்டேன். பையில் இருந்ததை அவரிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

அதை உனக்கு ஏன் கொடுத்தேன் என்று கேட்பாய். வரி கட்டும் தலைக்கட்டுக்கு ஒரு காசு என்று தீர்மானம் போட்டபோது, கல்யாணமாகாத பொம்பளைக்கு என்ன தலைக்கட்டு, அக்கா வீட்டோடு சேர்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். மூன்று கூட்டம் நின்று சண்டை போட்டேன். தனி வீடு, தனிச் சம்பாத்தியம், தனி வரி, அப்புறம் காசு மட்டும் ஏன் தனியாக இல்லை என்றேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். சங்கத்தில் பொம்பளை பேரில் எழுதிய முதல் தலைக்கட்டு உன்னுடையது. முதல் தலைக்கட்டுக்கு முதல் காசு என்று எனக்கு ஒரு கிறுக்கு. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால், இதில் என்ன இருக்கிறது அத்தான் என்று கேட்டிருப்பாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ மைக்கில் சொன்னதை நானும் நம்பினேன். பாய் நம்மை ஏமாற்றிவிட்டான் என்று நினைத்தேன். அவன் போன் வந்தபோது பார்த்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. இருபது மாதமாக அவனைத் திட்டாத நாள் இல்லை. நாளைக்குப் போகிறேன். நோன்பு திறக்கிற நேரத்துக்குப் போனால் துரத்தமாட்டான்.

பிரம்மநாயகம்


திலக் நகர்
23 மார்ச் 2025

அன்புள்ள அத்தான்,

இப்போது எதற்கு என்று தெரிந்து கேட்கிறேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

என் சோதனையில் பிழை இல்லை. ஒரு காசைப் பார்த்துவிட்டு இருநூற்றுப் பன்னிரண்டைப் பற்றிப் பேசியதுதான் பிழை. முதலாண்டு மாணவி இப்படி எழுதினால் சிவப்பு மையில் அடித்துவிடுவேன். சோதனைக்கு முன் அக்கா தன் காசை நீட்டியபோது, குடும்பத்துக்காரியுடையதைச் சோதித்தால் பாரபட்சம் என்பார்களே என்று மறுத்தேன். நான் சோதித்ததும் குடும்பத்திலிருந்து வந்ததுதான் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தத் தோசையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் பெயரைக் காப்பாற்றத்தான் சோதிக்கிறேன் என்று எழுந்தேன். முடிவு வேறாக வந்ததும் பயந்துவிட்டேன். முன்கூட்டி உங்களிடம் சொன்னால் உங்களோடு பேசி வைத்துக்கொண்டதாக ஆகிவிடும், நேர்மை என்பது சொல்லாமல் இருப்பது என்று நினைத்தேன். உங்களிடம் சொல்லியிருந்தால், என்னுடையது தனியாக எடுத்தது என்று சொல்லியிருப்பீர்கள்.  

வேல்ராஜிடம் சொல்லி, கிடைக்கிற காசுகளையெல்லாம் கொண்டுவரச் செய்தேன். நாற்பத்தொன்று வந்தன. ஒரு வாரம் சமையல்கட்டு முழுக்க அவைதான். நாற்பத்தொன்றும் வெள்ளி.

சித்திரை முதல் நாள் பொதுக்குழு கூடுகிறது. நீங்கள் சம்மதித்தால் அதே மைக்கில் சொல்கிறேன். அக்காவிடம் இதையெல்லாம் நீங்களே சொல்வீர்களா?

விஜி


சான்பாடா
2 ஏப்ரல் 2025

விஜி,

பாயைப் பார்த்தேன். பேரீச்சம்பழம் கொடுத்தான். நான் அழுததை மட்டும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். “எண்ணிக்கையில தவறாத அண்ணாச்சி” என்று மூன்று தடவை சொல்லிச் சிரித்தான். எனக்கு அது வேண்டியதுதான்.

மீனாட்சியிடம் எல்லாக் கடிதங்களையும் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றுவிடாமல் படித்தாள். முடித்ததும், “அன்னைக்குச் சத்தம் சாட்சி ஆவாதுன்னா. இப்ப மிஷினு சொன்னதும் கேக்காளோ?” என்றாள். அவ்வளவுதான். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் அந்த முதல் காசைப் பற்றிச் சொன்னேன். “நீங்களாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே” என்றாள். 

உன்னிடம் பேசுகிறாயா என்று போனை நீட்டினேன். கை ஈரம் என்றாள். துடைத்துக்கொள்ள முந்தானை இருந்தது.

கூட்டத்தில் சொல். நான் வரமாட்டேன். அந்த ஹாலின் படி ஏற எனக்குக் கால் வராது. என் பெயரைச் சொல்லும்போது ‘முன்னாள் பொருளாளர்’ என்று சொல்லாதே. பேரை மட்டும் சொல்.

பிரம்மநாயகம்


திலக் நகர்
16 ஏப்ரல் 2025

அன்புள்ள அத்தான்,

கூட்டம் நடந்தது. நடந்தபடியே எழுதுகிறேன்.

அன்று இருநூறு பேர் இருந்தார்கள். இந்த முறை முப்பத்து நான்கு பேர். பலர் விருந்துக்குத்தான் வந்திருந்தார்கள். எனக்கு ஒன்பதாவது இடம் கொடுத்தார்கள், தண்ணீர்க் குழாய் பிரச்சினைக்கு அடுத்து. இரண்டு காசுகளையும் எல்லோர் கையிலும் கொடுத்து, தடிமனைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். நான் செய்தது என்ன என்று சொன்னேன். பிரம்மநாயகம் மீது எந்தக் குற்றமும் இல்லை, ஷாகுல் ஹமீது பாய் மீதும் இல்லை, குற்றம் என்னுடையது என்றேன். பேரை மட்டும்தான் சொன்னேன்.

 பிறகு முன்னால் இருந்த ஒருவர், “விடுங்க டீச்சர், அதெல்லாம் பழசு. யாரும் மனசுல வச்சுக்கிடல” என்றார். பத்தாவது விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அது வாட்டர் கூலர்.

என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்துப் போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அன்று சொன்னது வாஷிக் கல்யாண மண்டபம்வரை போனது. இன்று சொன்னது அந்த ஹாலின் வாசலைக்கூடத் தாண்டாது. மினிட்ஸ் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று வற்புறுத்தினேன். வேல்ராஜ் எழுதினான். நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். அது போதாது என்று தெரியும்.

பாய் கொடுத்த வெள்ளிக் காசைத் தனிப் பொட்டலமாகப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அது ஷாலினிக்கு. தட்டிலிருந்து எடுத்ததற்கு இது ஈடாகாது. அவளுக்கு ஒரு சித்தி செய்ய வேண்டியதை நான் செய்யவில்லை.

ஜெர்மன் சில்வர் காசை நானே வைத்துக்கொள்கிறேன். விளிம்பில் என் அரத்தின் கீறலும் அமிலம் பட்ட கறையும் இருக்கின்றன. கொடுத்தபோது அது என்னவென்று தெரிந்திருந்தால் அரத்தைத் தொட்டிருக்கமாட்டேன்.

அக்காவின் கால் வலி எப்படி இருக்கிறது?

விஜி


சான்பாடா
24 ஏப்ரல் 2025

விஜி,

பொட்டலம் வந்தது. மினிட்ஸ் புத்தக நகலும் வந்தது. அதை ஃபைலில் போட்டுவிட்டேன்.

மீனாட்சிதான் பொட்டலத்தைப் பிரித்தாள். தன் காசை எடுத்துவந்து இரண்டையும் அருகருகே வைத்து, குனிந்து விளிம்பைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாகத் தரையில் போட்டாள். இரண்டு சத்தமும் ஒன்றுபோல் இருந்தது. 

இதை ஷாலினிக்கு அனுப்பமாட்டாளாம். தலைக்கட்டுக்கு ஒன்று என்று சங்கம் கொடுத்தது, உன் பேரில் உள்ளது உன்னிடம்தான் இருக்க வேண்டும் என்கிறாள். சரி, திருப்பித் தபாலில் போட்டுவிடுகிறேன் என்றேன். “தபால்ல எதுக்கு? வேணும்னா வந்து வாங்கிட்டுப் போகட்டும்” என்றாள்.

வந்தால் பேசுவாளா என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியாது. திலக் நகரில் ஏறினால் அதே ரயில் சான்பாடாவில் நிற்கும், அது உனக்குத் தெரியும். மாவு அரைத்து வைத்திருக்கிறாள். அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை, வாராவாரம் அரைப்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராதே. ஹார்பர் லைனில் மெகா பிளாக், ரயில் ஓடாது.

அத்தான்